சஃபாரியா, எக்ஸ்யூவி 700-ஆ? முதல்முறை பெரிய வண்டி வாங்குவோருக்கு

குடும்பம் பெருகி, சின்னக் காரில் இடம் போதாமல், மூன்று வரிசை வண்டி பார்க்கலாம் என்று கிளம்பும் தம்பி தங்கைகள் பலர் கடைசியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் வருகிறார்கள். ஒன்று டாடா சஃபாரி, மற்றொன்று மஹிந்திரா எக்ஸ்யூவி 700. புதிதாக வாங்கினாலும் பழையதாக வாங்கினாலும் கேள்வி அதேதான். இரண்டும் நல்ல வண்டிகள். எது உசத்தி என்று நான் சொல்லப்போவதில்லை, எப்படிப் பார்த்து வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் ஆட்களை எண்ணுங்கள். தினமும் வண்டியில் ஏறுவது எத்தனை பேர், ஏழு பேரும் சேர்ந்து போவது எப்போது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். குலதெய்வக் கோயிலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் ஏழு பேர் என்றால், அந்த நாட்களுக்கு வாடகை வண்டி எடுத்துக்கொண்டு, ஐந்து பேர் வண்டியோடு நிம்மதியாக இருக்கலாம். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தால் மேலே படியுங்கள்.

2. வாசல் கேட்டை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இப்போதைய சஃபாரி 4,668 மி.மீ. நீளம், 1,922 மி.மீ. அகலம். எக்ஸ்யூவி 700 நீளத்தில் 4,695, அகலத்தில் 1,890. அகலத்தில் மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பழைய தெருக்களில் அதுகூடக் கணக்குதான். கண்ணாடிகளின் அகலம் இதில் சேராது.

3. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாங்குபவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டி பிடித்துவிட்டது என்கிறார். பின்னால் உட்காரப்போகிறவரை யாரும் கேட்பதில்லை.

முதலில் ஓட்டுநர் இருக்கையை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். அதன் பின்னால் உங்கள் அப்பா கால் இடிக்காமல் உட்காரட்டும். நடு வரிசையை அந்த நிலையிலேயே விட்டுவிட்டு, கடைசி வரிசைக்கு நீங்களே ஏறுங்கள். முழங்கால் நெஞ்சுப் பக்கம் தூக்கி நிற்கிறதா, தலை கூரையில் தட்டுகிறதா, பாதம் முன் இருக்கைக்கு அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். சும்மா ஏறி இறங்கினால் எதுவும் தெரியாது, கால் மணி நேரமாவது உட்கார வேண்டும். என் கணிப்பில் தலைக்கு மேல் இடம் சஃபாரியில் கொஞ்சம் தாராளம். பெரியவர்கள் அடிக்கடி பின்னால் உட்காரும் வீடு என்றால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

ஏறும் வழியையும் பாருங்கள். எக்ஸ்யூவி 700 ஏழு இருக்கை வண்டியில் நடு வரிசையின் இடது இருக்கை மடிந்து கவிழ்ந்து வழிவிடும். கைக்குழந்தைக்கான இருக்கையை அந்த இடத்திலேயே மாட்டிவிட்டால் இருக்கை கவிழாது, பின் வரிசைக்கு வழியே அடைபட்டுவிடும். குழந்தை இருக்கையை வலப்பக்கம் மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே பொருத்திப் பாருங்கள். இரண்டு வண்டியிலும் ஆறு இருக்கை வகை உண்டு. அதில் நடுவில் இரண்டு தனி இருக்கைகள் இருப்பதால் அவற்றின் இடையே நுழைந்து பின்னால் போகலாம், ஆனால் ஓர் ஆள் குறையும். முட்டி வலி உள்ள பாட்டியை எந்த வண்டியிலும் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். அவருக்கு நடு வரிசையின் ஓரம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டால், பின்னால் யார் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

உச்சி வெயிலில் போய் ஏசி போட்டு, கடைசி வரிசைக்குக் குளிர் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்றும் பாருங்கள்.

4. மூன்று வரிசையும் நிமிர்ந்து இருந்தால் டிக்கியில் ஒன்றிரண்டு பைதான் வைக்கலாம். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகும் சூட்கேஸையே ஷோரூமுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

5. பாதுகாப்பில் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே தேர்வு எழுதியவை அல்ல. எக்ஸ்யூவி 700 குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனைக்குப் போனது 2021-இல். பெரியவர் பாதுகாப்பில் 17-க்கு 16.03 வாங்கி ஐந்து நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 41.66 வாங்கி நான்கு நட்சத்திரம். 2022-இல் அந்த அமைப்பு விதிகளைக் கடுமையாக்கியது. பக்கவாட்டு மோதலும் சேர்ந்துகொண்டது. சஃபாரி 2023-இல் புதிய விதிகளின்படி 34-க்கு 33.05, 49-க்கு 45 வாங்கி இரண்டிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆகவே மதிப்பெண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. எக்ஸ்யூவி 700 சோதனைக்கு இரண்டு ஏர்பேக் மட்டும் உள்ள வகைதான் போனது என்பதையும் மறந்துவிடாதீர்கள், இரண்டை மட்டும் வைத்தே அந்த மதிப்பெண் வாங்கியது பெரிய விஷயம். 2023 அக்டோபருக்குப் பின் வந்த சஃபாரியில் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் உண்டு. எக்ஸ்யூவியில் நீங்கள் வாங்கப்போகும் வகையில் எத்தனை, ஓரத்திரை ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்குப் பெல்ட் போடும் பழக்கத்தை முதல் நாளே பழக்குங்கள்.

6. பழைய சஃபாரியை மனதில் வைத்துக்கொண்டு புதியதை வாங்காதீர்கள். 1998-இல் வந்தது அடிச்சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டி, அதில் நான்கு சக்கர இழுவையும் கிடைத்தது. 2021-இல் அதே பெயரில் வந்தது முன்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி. டீசல் என்ஜின் 2 லிட்டர், 170 குதிரைத் திறன். 2023 அக்டோபர் மாற்றத்துக்கு முந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங் ஹைட்ராலிக், நெரிசலில் கை வலிக்கும். பழைய வண்டி பார்ப்பவர்கள் இதை ஓட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்யூவி 700-இல் பெட்ரோல் 200 குதிரைத் திறன், 2.2 லிட்டர் டீசல் 185 வரை. நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றால் அதன் உயர்வகை டீசல் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கிடைக்கும்.

பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம். பிஎஸ்-6 டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சூடேறி நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாதாமாதம் நெடுஞ்சாலை பார்க்கிறவர்கள் தாராளமாக டீசல் எடுக்கலாம்.

7. ஓட்டிப் பார்க்கும்போது வீட்டாரை நிரப்பிக்கொண்டு போங்கள். தனியாக ஓட்டும்போது மிதக்கும் வண்டி, ஏழு பேரோடு வேகத்தடையில் இறங்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். மலைப்பாதைக்கு வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறினாலே பின் வரிசையில் யாருக்குக் குமட்டும் என்று தெரிந்துவிடும். உங்கள் வீட்டுக் கேட்டுக்குள் ரிவர்ஸிலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

8. விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆன்ரோடு விலையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வளவு பெரிய வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு செஸ்ஸோடு சேர்த்து 50 வரை போனது. ஆக, பழைய விலைப் பேச்சுகளை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. 19.90 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 3.58 லட்சம். சின்னதாக ஒரு வசதிக்கு ஆசைப்பட்டு 20.20 லட்சம் வகைக்குப் போனால் 4.04 லட்சம். 30 ஆயிரம் கூடுதல் என்று நினைத்தது 76 ஆயிரத்தை நெருங்கிவிடும். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியிலும் விலை கேளுங்கள்.

9. உங்கள் ஊர் சர்வீஸ் நிலையத்துக்கு ஒரு காலை வேளையில் போய் நில்லுங்கள். வண்டி விட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எத்தனை நாள் காத்திருந்தார்கள், அதே குறைக்கு மறுபடி வந்தார்களா என்று அவர்களே சொல்வார்கள். எனக்கு இது எந்த விமர்சனத்தையும்விட நம்பகம்.

10. பதிவுக்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண் ரசீதோடு ஒத்துப்போகிறதா, தயாரித்த மாதம் எது, டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க வார-ஆண்டு எண் என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை பெல்ட்டுகளையும் இழுத்து மாட்டிப் பாருங்கள், எல்லா ஏசி துவாரங்களிலும் கையை வையுங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால் பதிவு எண் விழுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.