ஓட்டுநரும் இரத்த அழுத்தமும்

நாமக்கல்லிலிருந்து வடக்கே செல்லும் சரக்கு லாரி பெங்களூரு, ஐதராபாத், நாகபுரி ஆகிய நகரங்களைக் கடந்து தில்லியை அடைகின்றது. இவை யாவும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்தவை. புறப்படுமுன் ஓட்டுநர் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காற்றழுத்தத்தைச் சோதிப்பார். தம் உடலில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை அவ்வாறு சோதிப்பவர் சிலரே.

இதயம் சுருங்கும்போது இரத்தம் குழாய்ச் சுவரை மிகுதியாக அழுத்தும். விரியும்போது அவ்வழுத்தம் குறையும். ஆகவே இரத்த அழுத்தம் இரண்டு எண்களால் குறிக்கப்படுகின்றது. 120/80 இயல்பான அளவு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அஃது உயர் இரத்த அழுத்தமாகும். மக்கள் இதனை 'இரத்தக் கொதிப்பு' என்பர். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. இப்பெயரைக் கேட்டு, சினம் மிகுந்தவர்க்கே இந்நோய் வரும் என எண்ணுவோரும் உளர். அமைதியானவர்க்கும் இது வரும். பெரும்பாலும் அறிகுறி எதுவும் தோன்றாது. கவனியாது விட்டால் மாரடைப்போ பக்கவாதமோ நேரலாம். வண்டி ஓடும்போது அவ்வாறு நேர்ந்தால், சாலையில் செல்லும் பிறர்க்கும் அது தீங்காகும்.

லாரி, பேருந்து ஓட்ட உரிமம் கோருவோர் மருத்துவச் சான்று தரவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பார்வை, செவித்திறன், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் ஆகியன ஆராயப்படும். உரிமம் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 5 ஆண்டு என்பது நெடுங்காலம். அதற்குள் இரத்த அழுத்தம் உயர்ந்துவிடக்கூடும்.

சான்று மறுக்கப்பட்டால் பிழைப்புப் போய்விடுமே என்று நோயை மறைப்போரும் உண்டு. ஒருவர் ஈட்டும் கூலியில் ஒரு குடும்பமே உண்ணும்போது அவ்வச்சம் இயல்பே. ஆயினும் மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் அழுத்தம் பெரும்பாலும் வண்டி ஓட்டத் தடையாவதில்லை. 'நலமாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதுதான் பெரும்பிழை. சில மாத்திரைகள் தொடக்கத்தில் தலைச்சுற்றல் தரலாம். அதனை மருத்துவரிடம் கூறினால் அவர் வேறு மாத்திரை தருவார். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சாலையோர உணவகத்து ஊறுகாயும் அப்பளமும் அவ்வளவை எளிதில் மிகுத்துவிடும்.

வண்டியிலிருந்து இறங்கியவுடன் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். தேநீரும் புகையும் தவிர்த்து, 5 நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் அளப்பதே முறை.

பயிற்சி
1. 'இரத்தக் கொதிப்பு' என்னும் பெயர் எவ்வாறு தவறான எண்ணத்தைத் தருகின்றது?
2. ஓட்டுநர் சிலர் நோயை மறைப்பது ஏன்? அவர்களிடம் நீ என்ன கூறுவாய்?
3. பிரித்து எழுதுக: அவ்வழுத்தம், அவ்வச்சம்.