ஓதிக் கொடுப்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

 

ஹிஜ்ரி 2-இல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்ட சிலரிடம் மீட்புத்தொகை கொடுக்கப் பணம் இல்லை; ஆனால் எழுதத் தெரிந்திருந்தது. அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கற்றுக்கொடுக்கும் உழைப்பு, ஒரு மனிதனை மீட்கும் தொகைக்குச் சமமாக மதிக்கப்பட்டது.

நம் காலத்து நிலை என்ன? தமிழக அரசுப் பள்ளிகளில் 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அப்போது அடிப்படை ஊதியம் ரூ. 8,370 ஆக இருந்தது. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு ரூ. 5,200 ஆக இருந்தது. வேலை ஒன்றுதான். "சம வேலைக்குச் சம ஊதியம்" கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நியமிக்கப்பட்ட தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ. 7,500.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பெற்றோர் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போடுவார்கள். கட்டணம் வராத சிறு பள்ளியில் முதலில் தள்ளிப்போவது ஆசிரியர் சம்பளம். அவர் மாலையில் வேறு வேலை தேடுவார். நல்ல இடம் கிடைத்தால் நடு ஆண்டிலேயே போய்விடுவார். பிள்ளைகளோ புது ஆசிரியரிடம் பழைய பாடத்தையே மறுபடி தொடங்குவார்கள். மக்தபிலும் இதே கதைதான்.

அப்படியானால் சம்பளத்தை உயர்த்தினால் போதுமா? இந்தோனேசியாவில் 2005 சட்டப்படி, சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரு மடங்கானது. அதை ஆராய்ந்தபோது, ஆசிரியர்களின் பணக்கவலையும் இரண்டாவது வேலையும் குறைந்திருந்தன. மாணவர்களின் கற்றல் மட்டும் உயரவில்லை. ஆகவே நியாயமான சம்பளம் கடமை. பயிற்சியும் கண்காணிப்பும் அதோடு சேர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நபிவழி. உஸ்தாத், ஆலிமா ஆகியோரின் சம்பளம் மாதம் 5-ஆம் தேதிக்குள் சேரட்டும்.

2. வெள்ளாமைப் பணம் கைக்கு வந்ததும் ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கொடுப்போம். ஜமாஅத் அதைத் தனிக்கணக்கில் வைத்தால் வறட்சி மாதங்களிலும் சம்பளம் நிற்காது.

3. மக்தப் ஆசிரியர்களை உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுவோம்.

4. 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் தனியார் பள்ளியில் 5 ஆண்டு வேலை பார்த்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உரிமை உண்டு. நம் வீட்டுப் பெண்கள் பலர் இப்பணியில் இருக்கிறார்கள். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

5. மாதம் ஒருமுறை மக்தபுக்கும் பள்ளிக்கும் சென்று, பிள்ளை எதுவரை ஓதியிருக்கிறது, எதில் தடுமாறுகிறது என்று கேளுங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும், அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போரின் வாழ்விலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.