பாட்டியின் வைராக்கியத்தைக் கதையாக்குகிறீர்களா?

சிறுகதைப் போட்டிக்கு வரும் பாட்டி கதைகளில் பாதி, இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிடுகின்றன. படித்துப் படித்துக் கண் நொந்தவன் சொல்கிறேன். இன்றைக்கு எழுத உட்காரும் முன், அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்டி 1941இல் வெளியிட்ட ‘எ வோர்ன் பாத்’ சிறுகதையைப் படித்துவிடுங்கள். டிசம்பர் குளிரில், மிசிசிப்பிக் காட்டு வழியே, பேரனுக்கு மருந்து வாங்க நாட்செஸ் நகருக்கு நடக்கும் ஃபீனிக்ஸ் ஜாக்சன் என்ற கறுப்பினக் கிழவியின் கதை அது.

செய்ய வேண்டியவை

• உங்கள் பாட்டிக்கு ஒரு காரியம் கொடுங்கள். ஃபீனிக்ஸுக்கு மருந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். வைராக்கியம் தானாக வரும்.

• தடைகளைச் சின்னதாக வையுங்கள். முள்ளில் ஃபீனிக்ஸின் பாவாடை மாட்டுகிறது. ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறாள். புயலைக் கொண்டுவந்தால் வாசகர் புயலைத்தான் பார்ப்பார்.

• பாட்டியைத் தப்பு செய்ய விடுங்கள். வழியில் வந்த வேட்டைக்காரனின் பையிலிருந்து ஐந்து சென்ட் காசு விழுகிறது. அவன் ஒரு நாயை விரட்டும் நேரத்தில் ஃபீனிக்ஸ் மெல்லக் குனிந்து எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொள்கிறாள். தலைக்கு மேல் ஒரு பறவை. கடவுள் பார்த்துவிட்டார் என்று கூசிப்போகிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போன இடம் இதுதான்.

• மறதியை வீணாக்காதீர்கள். அத்தனை தூரம் நடந்து, ஆஸ்பத்திரிப் படியேறி நின்றவளுக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. காலுக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது.

செய்யக்கூடாதவை

• ‘சுருக்கம் விழுந்த முகம், குழி விழுந்த கண்’ என்று எழுதாதீர்கள். எழுதியிருந்தால் இப்போதே அடியுங்கள். ஃபீனிக்ஸின் கைத்தடி ஒரு குடையிலிருந்து செய்தது. வறுமைக்கு அது போதும்.

• பாட்டியைப் பிரசங்கம் செய்ய வைக்காதீர்கள். பேச வேண்டுமென்றால் ஃபீனிக்ஸைப் போல முள்செடியோடு பேசட்டும்.

• நல்லவன் ஒருவனை அனுப்பிக் காப்பாற்றாதீர்கள். பள்ளத்தில் விழுந்தவளைத் தூக்கிவிட்ட அதே வேட்டைக்காரன், கொஞ்ச நேரத்தில் அவள் மீதே துப்பாக்கியை நீட்டுகிறான்.

• பெயருக்கு விளக்கம் சொல்லாதீர்கள். சாம்பலிலிருந்து எழும் பறவைதான் ஃபீனிக்ஸ். வெல்டி கதையில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

• பேரன் பிழைத்தான், பாட்டி சிரித்தாள் என்று முடிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கிடைத்த இன்னொரு ஐந்து சென்டையும் சேர்த்து, பேரனுக்குக் காகிதக் காற்றாடி வாங்க ஃபீனிக்ஸ் படியிறங்குகிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தப் பேரன் உண்மையில் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு வாசகர்கள் வெல்டிக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.