காருக்குள் பூச்சிகள்: நோயாளியுடன் பயணம் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

தொடர் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு வந்துசெல்லும் குடும்பத்தினர் காரிலேயே பல மணி நேரம் கழிக்கின்றனர். டயாலிசிஸ் முடியும் வரை துணைக்கு வந்தவர் அதில்தான் காத்திருக்கிறார். காலைச் சிற்றுண்டி அதில்தான் பிரிக்கப்படுகிறது. மாற்றுடை, போர்வை, மருந்துப் பை, சக்கர நாற்காலி யாவும் அதன் டிக்கியில்தான் இருக்கின்றன. இத்தகைய காரில் எறும்பும் கரப்பானும் குடியேறுவது இயல்பே. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால், அவற்றை விரட்டும் அவசரத்தில் நாம் செய்யும் சில செயல்கள் பூச்சிகளைவிட நோயாளிக்கு அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடும். கார் மிகச் சிறிய மூடிய அறை. வீட்டுக் கூடத்தில் தெளிக்கும் அதே அளவு மருந்து, கண்ணாடிகள் ஏற்றப்பட்ட காருக்குள் பன்மடங்கு செறிவாக நிற்கும். ஆகவே எந்தப் பூச்சி, எங்கே தங்குகிறது, எதனால் அழியும் என்பவற்றை அறிந்து செயற்படுவதே பாதுகாப்பானது.

நோயாளிக்கு என்ன தீங்கு?

கரப்பானின் எச்சில், கழிவு, உதிர்ந்த தோல் ஆகியவற்றில் உள்ள புரதங்கள் ஆஸ்துமாவைத் தூண்டவல்லவை. வீட்டில் நலமாக இருக்கும் குழந்தை காரில் ஏறி ஏசியை இயக்கிய சிறிது நேரத்தில் இருமத் தொடங்குமானால், இருக்கைக்கு அடியிலும் ஏசி ஃபில்டரிலும் உள்ள தூசியையும் பூச்சிக் கழிவையும் ஐயுற வேண்டும். கரப்பான் செத்த பின்னும் இந்தப் புரதங்கள் அங்கேயே கிடக்கும். எனவே பூச்சியைக் கொல்வது பாதி வேலைதான். துடைத்து அகற்றுவது மறுபாதி.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எறும்புக் கடி தெரியாமலே போகலாம். கடித்த இடம் புண்ணாகும் முன் கவனிக்க, பயணம் முடிந்ததும் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுவோருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், சொறிந்த சிறு காயமும் கிருமிகளுக்கு வாயிலாகிவிடும். கடித்த இடம் சிவந்து வீங்கினாலோ, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) எட்டினாலோ, உடனே மருத்துவக் குழுவுக்குத் தெரிவியுங்கள்.

முதலில் துப்புரவு

எப்பூச்சிக்கும் தேவை உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றே. இவற்றை நீக்காமல் மருந்து வைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். நோயாளி இல்லாத நேரத்தில் வேறொருவர் இப்பணியைச் செய்யட்டும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்வது நல்லது.

1. காரில் உள்ள அனைத்தையும் வெளியே எடுங்கள்: கால் மிதிகள், குடை, பைகள், டாஷ்போர்டுப் பெட்டியில் உள்ளவை, கதவுப் பைகளில் செருகிய காகிதங்கள், டிக்கியில் உள்ள அட்டைப்பெட்டிகள்.

2. இருக்கைகளை முன்னும் பின்னும் முழுமையாக நகர்த்தி, அடிப்பகுதி, இருக்கை மடிப்புகள், சீட் பெல்ட் புகும் இடம், இருக்கை ஓடும் தண்டவாளம் ஆகியவற்றை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். சேர்ந்த குப்பையை உடனே உறையில் கட்டி வெளியே அகற்றுங்கள்.

3. பால், பழச்சாறு, தேநீர் சிந்திய கறைகளைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பின்னர், நான்கு கதவுகளையும் திறந்து ஈரம் முழுதும் காயவிடுங்கள்.

4. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியைத் திறந்து பாருங்கள். மழைநீர் தேங்கும் இடம் அது.

5. ஏசி ஃபில்டரைச் சோதித்து, அழுக்கடைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலியின் இருக்கைத் துணி, நெபுலைசரின் பை ஆகியவற்றையும் மறவாதீர்கள். மின்கருவிகளின் கதகதப்பைக் கரப்பான் விரும்பும். நெபுலைசர் முகமூடியையும் குழாயையும் கழுவி உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வைத்தே கொண்டுசெல்லுங்கள்.

எறும்பு

எறும்புகள் பெரும்பாலும் காருக்குள் வாழ்வதில்லை, வெளியிலிருந்து வந்துசெல்கின்றன. முன்னே சென்ற எறும்பு விட்டுச்செல்லும் மணத்தடத்தைப் பின்பற்றியே மற்றவை வருகின்றன. ஆகையால் வரிசையை நசுக்குவதில் பயனில்லை. அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். காரைத் தொடும் மரக்கிளையோ, சக்கரத்தின் அருகே உள்ள புற்றோ வழியாக இருக்கலாம். காரை வேறிடத்தில் நிறுத்தி, வரிசை சென்ற வழி முழுவதையும் சோப்பு நீரால் துடைத்தால் தடம் அழியும். உள்ளே தின்பண்டம் இல்லையெனில், பெரும்பாலும் சில நாட்களில் வரவு நின்றுவிடும். வெண்முட்டைகளுடன் எறும்புக் கூட்டத்தைக் கண்டால், கூடு காருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியை முழுதும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுவோர் சர்க்கரை தாழ்ந்தால் உண்பதற்காகக் குளுக்கோஸும் இனிப்பும் உடன் வைத்திருப்பது கட்டாயம். எறும்புக்கு அஞ்சி அதை நீக்கிவிடாதீர்கள். இறுகத் திருகும் மூடியுள்ள சிறு புட்டியில் இட்டு, நோயாளியின் கைப்பையில் வையுங்கள். இன்சுலினையோ மற்ற மருந்துகளையோ நிறுத்திய காரில் விட்டுச்செல்ல வேண்டாம். வெப்பத்தால் அவற்றின் ஆற்றல் குறையும்.

கரப்பான்

காருக்குள் பெருகுவது பெரும்பாலும் சிறிய, இளம்பழுப்பு நிறக் கரப்பான். அட்டைப்பெட்டி, மளிகைப் பை ஆகியவற்றோடு அது வந்து சேர்கிறது. ஒரு முட்டைப்பையில் முப்பது முதல் நாற்பது முட்டைகள் வரை இருக்கும். பொரியும் காலம் நெருங்கும்வரை பெண் கரப்பான் அதைத் தன் உடலோடு ஒட்டிச் சுமந்து திரியும். முட்டைப்பைக்குள் மருந்து எளிதில் புகாது. இன்று எல்லாம் செத்ததாகத் தோன்றி, மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகள் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுவே.

நோயாளி பயணம் செய்யும் காருக்குத் தெளிப்பு மருந்தைவிடக் கரப்பான் ஜெல் ஏற்றது. பருப்பு மணி அளவுக்குச் சிறு துளிகளாக, இருக்கைக்கு அடியில் உள்ள உலோகச் சட்டம், டாஷ்போர்டின் கீழ்ப்புறம், டிக்கியின் ஓரம் போன்ற மறைவிடங்களில் வையுங்கள். குழந்தையின் கை எட்டும் இடத்திலும், ஏசி காற்று வெளிவரும் வாயிலும் வைக்கக் கூடாது. ஜெல் வைத்த இடத்தின் அருகே வேறு மருந்து தெளிக்காதீர்கள்; தெளித்தால் கரப்பான் அப்பக்கம் வராது, ஜெல்லையும் உண்ணாது. இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதித்து, தேவைப்பட்டால் புதிதாக வையுங்கள். செத்தவற்றை உறிஞ்சி அகற்றி, அந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள்.

மூட்டைப்பூச்சி

பலர் வந்து தங்கும் எந்த இடத்திலிருந்தும் பையின் மடிப்பில் ஒட்டி மூட்டைப்பூச்சி வரலாம். இதற்கும் தூய்மையின்மைக்கும் தொடர்பில்லை. முதிர்ந்த பூச்சி ஆப்பிள் விதையளவு, தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். இருக்கை மடிப்புகளில் கரும்புள்ளிகளாகக் கழிவு தென்படும். இது மனிதருக்கு நோய் பரப்புவதாக அறியப்படவில்லை. அரிப்பும் உறக்கக் குலைவுமே இதன் தொல்லை. உணவின்றிப் பல மாதங்கள் வாழவல்லது ஆதலால், காரைச் சில வாரம் பூட்டிவைப்பதால் அது அழியாது.

இதற்கு எதிரான சிறந்த கருவி வெப்பம். துணிகள், இருக்கை உறைகள், போர்வைகள் ஆகியவற்றை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து, நன்கு உலர்த்துங்கள். துவைக்க இயலாத இருக்கை மடிப்புகளைப் பொறுமையாக உறிஞ்சி எடுங்கள். முட்டைகள் பொரிய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். எனவே வாரம் ஒருமுறை எனச் சில வாரங்கள் தொடர வேண்டும். காரை வெயிலில் நிறுத்தினால் போதும் என்பது அரை உண்மை. டாஷ்போர்டு கொதித்தாலும், இருக்கையின் உட்பகுதி அந்த அளவு சூடாவதில்லை. பூச்சிகள் அங்கே ஒதுங்கிவிடும். தொல்லை நீடித்தால் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரை அழையுங்கள்; காரில் நோயாளி பயணம் செய்வதையும் அவரது நோயையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போது, பையை இருக்கையில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையில் இட்டு டிக்கியில் வைப்பதும், வீடு சேர்ந்ததும் துணிகளை நேரே துவைக்கப் போடுவதும் நல்ல பழக்கங்கள்.

கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இருண்ட மூலைகளில் ஒதுங்குவது. காய்ச்சல் காணும் நாட்களில் டெங்கு நோயாளியைக் கடிக்கும் கொசு, சில நாட்களுக்குப் பின் பிறருக்கு அந்நோயைப் பரப்பக்கூடும். எனவே காய்ச்சலுடன் இருப்பவரை ஏற்றிச் செல்லும் காரில் கொசு இல்லாதிருப்பது குடும்பத்தார் அனைவருக்கும் காப்பு.

ஏறும் முன் எல்லாக் கதவுகளையும் சில நிமிடங்கள் திறந்துவைத்து, இருக்கைக்கு அடியில் துணியை வீசிக் கொசுக்களை வெளியேற்றுங்கள். கொசுவத்திச் சுருளைக் காருக்குள் ஏற்றவே கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் உள்ள காரிலும், மருந்து தெளித்த காரிலும் மின்சாரக் கொசு மட்டையைப் பயன்படுத்தாதீர்கள். அதன் பொறி தீயாக மாறலாம்.

தெளிக்கத்தான் வேண்டுமெனில்

வீட்டுப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் மருந்தை, அதன் உறையில் உள்ள அறிவுரைப்படி மட்டும் பயன்படுத்துங்கள். நோயாளி அடுத்த இரண்டு மூன்று நாட்கள் காரில் செல்லத் தேவையில்லாத சமயத்தைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட நேரம் மூடிவைத்த பின், கதவுகள் அனைத்தையும் பல மணி நேரம் திறந்துவைத்து, கை படும் இடங்களையெல்லாம் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு ஏசியை வெளிக்காற்று வரும்படி இயக்கி, உடல்நலமுள்ள ஒருவர் முதலில் ஓட்டிப் பார்க்கட்டும். மணம் எஞ்சியிருந்தால் ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கருவுற்ற பெண் ஆகியோரை ஏற்ற வேண்டாம். தெளிப்புக் குப்பியைக் காரிலேயே வைத்துவிடாதீர்கள். வெயிலில் அது வெடிக்கக்கூடும்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

* தானியங்களுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் காரில் வைக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் என்னும் கொடிய நச்சு வாயுவை வெளியிடும். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை.

* வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைக் காருக்குள் தெளிக்காதீர்கள்.

* பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு இருக்கையைத் துடைக்காதீர்கள்.

* மூடிய காரில் சாம்பிராணிப் புகையோ வேறு புகையோ போடாதீர்கள்.

* நாப்தலின் உருண்டைகளையும் கற்பூரத்தையும் தவிருங்கள். ஜி-6-பி-டி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

* பூச்சிகள் சாகட்டும் என வெயிலில் நிறுத்திய காரில் குழந்தையையோ முதியவரையோ ஒரு நிமிடமும் இருக்கவிடாதீர்கள். பத்து நிமிடங்களிலேயே உள்வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும்.

மருந்து தெளித்த பின் எவருக்கேனும் மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம், அளவுமீறிய எச்சில் சுரப்பு ஆகியவை தோன்றினால், அவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மருந்தின் உறையை மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையைத் தொடங்க அது பெரிதும் உதவும்.

ஓட்டும்போது பூச்சி தென்பட்டால்

ஸ்டீயரிங்கை விட்டுக் கையை வீசாதீர்கள். திடீரெனப் பிரேக்கும் போடாதீர்கள். விளக்குச் சைகை காட்டி, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திய பின்னரே கதவைத் திறந்து பூச்சியை வெளியேற்றுங்கள். குளவியோ தேனீயோ ஆனால், நிறுத்திய உடனே கதவைத் திறந்துவிட்டு இறங்கி விலகி நில்லுங்கள். கொட்டினால் கடும் ஒவ்வாமை ஏற்படுபவர், மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

வாரந்தோறும் பத்து நிமிடம்

மருத்துவமனைக்கு வந்துசென்ற நாளின் மாலையில், உணவுப் பொட்டலங்களையும் தண்ணீர்ப் புட்டிகளையும் வெளியே எடுங்கள். கால் மிதிகளை உதறுங்கள். வாரம் ஒருமுறை இருக்கையடியை உறிஞ்சுங்கள். ஸ்டெப்னிக் குழியைத் தொட்டுப் பாருங்கள். பராமரிப்பாளரின் தோள்களில் ஏற்கெனவே பல பணிகள் உள்ளன என்பதை நாங்கள் அறிவோம். இப்பணியைக் குடும்பத்தில் வேறொருவரிடம், பள்ளி செல்லும் பிள்ளையிடம்கூட, ஒப்படைக்கலாம். மருந்து வைக்கும் வேலையை மட்டும் பெரியவர்களே செய்யட்டும். பூச்சித் தொல்லைக்குப் பின் நோயாளியின் இருமலோ அரிப்போ நீடித்தால், அடுத்த வருகையின்போது அதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.