முள்ளும் கல்லும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நண்பர்களோடு மேகமலைக்குப் போய்வந்த விவரமெல்லாம் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "சென்னையைச் சுற்றி நடக்க என்ன இருக்கிறது ஐயா, வெறும் முள்ளும் கல்லும்தானே!" பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. மலை என்றால் குளிர வேண்டும், காடு என்றால் வானத்தை மறைக்க வேண்டும், அருவி ஒன்று கட்டாயம் விழ வேண்டும் என்று நகரத்தார் பலர் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். உனக்கும் அது ஒட்டிக்கொண்டதில்தான் எனக்கு வருத்தம்.

முதலில் கல்லை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் குடியம் என்றொரு சிற்றூர். அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தால் குடியம் குகைகள். போகிறவர்கள் பலரும் குகையை எட்டிப் படம் எடுத்துக்கொள்வதிலேயே குறியாக, வழியை ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. பாதையில் குனிந்து பார். எலுமிச்சை அளவிலும் தேங்காய் அளவிலும் வழவழப்பான உருண்டைக் கற்கள் இறைந்து கிடக்கும். குகைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் அதே கற்கள் கூரை முழுவதும் பதிந்து நிற்கும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கற்கள், மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகிவிட்டன. அந்தப் பாறை தேயத் தேயக் கற்கள் மறுபடி உதிர்கின்றன.

உதிர்ந்த கல்லை மனித மூதாதை ஒருவர் எடுத்தார், இன்னொரு கல்லால் தட்டிக் கூராக்கினார். குகைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். நம்முடைய இனமே அப்போது உலகில் தோன்றியிருக்கவில்லை. அந்தக் கோடரிகளுக்கு மூலப்பொருள் நீ "வெறும் கல்" என்று எழுதினாயே, அந்தக் குவார்ட்சைட் கல்தான்.

இந்தக் கற்கருவித் தேடலைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அவர் தொல்லியலாளர் அல்லர், நிலவியலாளர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்குழி ஒன்றில் அவர் கண்டெடுத்த கல்தான் இந்தியாவின் பழங்கற்காலத்தை உலகுக்கு அறிவித்தது. அந்த இடம் கடுங்காட்டுக்குள்ளோ மலை உச்சியிலோ இல்லை. படை அணிவகுக்கும் மைதானத்தின் ஓரம். எத்தனையோ பேர் மிதித்துப் போன சரளை, பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் வாய் திறந்தது. அவர் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. குடியத்துக்குப் போகுமுன் அங்கும், பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்திலும் கைக்கோடரிகளை நன்றாகப் பார்த்துவிட்டுப் போ. வழியில் அப்படியொரு கல் கண்ணில் பட்டால் பார், படமெடு, அங்கேயே விட்டுவிடு. கிடந்த இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் அது சொல்லவேண்டிய சேதி பாதி போய்விடும்.

இனி முள். இதைப் பற்றி எழுதினால் நான் நிறுத்தமாட்டேன் என்பது உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்.

நம் சோழமண்டலக் கரையின் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் வெயில். மற்ற இடங்களில் இப்படிப்பட்ட வறட்சிக்கு மரங்கள் இலையை உதிர்த்துவிடும். இங்கே காசா, வீரை, பாலை, குருந்து முதலிய மரங்கள் சிறிய தடித்த இலைகளோடு சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கின்றன. உயரம் குறைவு, நிழல் அடர்த்தி. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பார். வெட்டாமல், மேய்க்காமல் விட்டால் நம் கரை எப்படி இருந்திருக்கும் என்பது அங்கே தெரியும்.

வெட்டியும் மேய்த்தும் குலைத்த இடங்களில் மிஞ்சுவது புதர்க்காடு. அதைப் பார்த்துத்தான் நீ முள் என்கிறாய். எந்த முள் என்று பார்த்தாயா? களாவில் இரண்டிரண்டாக நேராக நிற்கும். கிளையை ஒடித்தால் பால் வரும். சங்கஞ்செடியில் கணுவுக்கு நான்கு. சூரையில் வளைந்த கொக்கி. சட்டையைப் பிடித்தால் பின்னோக்கி நகர்ந்துதான் விடுவித்துக்கொள்ள வேண்டும். களாப்பழத்தையும் சூரைப்பழத்தையும் தின்னக் கொண்டைக்குருவிகள் வருகின்றன. வேறு மரங்களின் விதைகளையும் அவை எச்சத்தோடு புதருக்குள் போடுகின்றன. அங்கே முளைக்கும் கன்றை ஆடு எட்ட முடியாது, வெயிலும் சுடாது. சில ஆண்டுகளில் முட்புதரின் நடுவிலிருந்து ஒரு மரம் தலைகாட்டும். இந்தக் காடு தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முள்ளை வேலியாகப் போட்டுக்கொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சீமைக்கருவேலத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அது வந்தேறி, மற்றவற்றை வளரவிடாது.

இது புரியாமல் புதரை வழித்தெடுத்துவிட்டு வரிசையாக மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கும் மரம் நடுவது நன்மை என்று யார் சொன்னது? கிண்டி தேசியப் பூங்காவை எண்ணிப் பார். 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுற்றிலும் நகரம். அங்குள்ள வெளிமானுக்குத் தேவை புல்வெளி. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. வெளியை மரமும் புதரும் அடைத்துவிட்டால் அதற்கு வாழ்விடமில்லை. புதர் இருக்கவேண்டிய இடத்தில் புதர், புல் இருக்கவேண்டிய இடத்தில் புல், சதுப்பு இருக்கவேண்டிய இடத்தில் சதுப்பு. பள்ளிக்கரணையைப் பாழ்நிலம் என்று நினைத்துக் குப்பை கொட்டினோம். அதே சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சியிருப்பதாவது தப்பியதே என்று ஆறுதல் கொள்ளவேண்டியிருக்கிறது.

இயற்கையைப் பற்றி எழுதக் கற்றுக்கொள்ள விரும்பினால் மா. கிருஷ்ணனைப் படி. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். புலியை எழுதிய அதே அக்கறையோடு வீட்டு முற்றத்துப் பறவைகளையும் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பு கிடைக்கும். அருகில் இருப்பதை மட்டமாக நினைக்கும் பழக்கம் அதைப் படித்தால் போய்விடும்.

நடைமுறைக்கு வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் போ. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதே. 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் குடியம் பாதையும் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டதை மறக்கக் கூடாது. காய்ந்த புல் நிற்கும் கோடையில் காட்டுநடை வேண்டாம். பாட்டுப்பெட்டி எடுத்துவரும் கூட்டத்தோடு சேராதே. எத்தனை கிலோமீட்டர் நடந்தாய் என்று கைபேசி காட்டும் கணக்கை எனக்கு அனுப்பாதே.

குடியத்துக்கு ஒரு முறை போய் வா. பிறகு அதே பாதைக்கு, மழை ஓய்ந்ததும் இன்னொரு முறை. அடுத்த கடிதத்தில் பத்துச் செடிகளின் தமிழ்ப் பெயர், ஒவ்வொன்றின் முள் எப்படி இருக்கிறது, எந்தப் பறவை எதன் பழத்தைத் தின்றது என்று எழுது. பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கும் பெரியவர் யாரையாவது கேள். புத்தகத்தைவிட விரைவாகச் சொல்வார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்