உயிரணுப் பெருக்கமும் பால்மரமும்



முதலாம் ஆண்டில் நம் பள்ளியில் சேரும் பிள்ளை, ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும்போது ஏறத்தாழ ஓர் அடி உயர்ந்திருக்கக் காண்கிறோம். காயம்பட்ட முழங்காலில் புதுத்தோல் வளர்கிறது. உளியால் சீவப்பட்ட பால்மரத்தில் மீண்டும் பட்டை வளர்கிறது. சிறு விதை முளைத்துப் பெருமரமாகிறது. இவை அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. உயிரணுக்கள் வளர்ந்து, பிரிந்து, பெருகுவதே அது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பால்மரக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது. ஆயினும் உளி பிடித்துப் பழகிய கைகள் நம் இல்லங்களில் இன்றும் உள்ளன. அக்கைகள் செய்த தொழிலுக்குள் அடங்கிய அறிவியலைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும் என்பதால், பால்மரத்தையே சான்றாகக் கொண்டு இப்பாடத்தைக் காண்போம்.

உயிரணு என்பது யாது?

1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். அதில் தேன்கூட்டின் அறைகள் போன்ற சிறு சிறு அறைகளைக் கண்டார். அவர் கண்டவை உயிரற்ற வெற்றறைகளே. பின்னர் 1838-இல் ஷ்லைடன் என்பார் செடிகளும், 1839-இல் ஷ்வான் என்பார் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என நிறுவினர். முன்னிருந்த உயிரணுவிலிருந்தே புதிய உயிரணு தோன்றும் என்னும் உண்மையை 1855-இல் விர்ச்சோ வலியுறுத்தினார். மூவரும் ஜெர்மானிய அறிஞர்கள்.

வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. இத்தனையும் தாயின் வயிற்றில் இருந்த ஒரே ஓர் உயிரணுவின் வழி வந்தவை. ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும், நான்கு எட்டாகவும் பெருகினால், பத்தாவது பிரிவில் 1,024 உயிரணுக்கள் கிடைக்கும். கணக்கு ஏட்டில் எழுதிப் பாருங்கள்.

ஏன் பிரிய வேண்டும்?

உயிரணு பிரியாமல் பெருத்துக்கொண்டே போனால் ஆகாதா எனச் சிலர் வினவலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 1, மேற்பரப்பு 6. பக்கத்தை இரண்டு சென்டிமீட்டராக்கினால் கொள்ளளவு 8; மேற்பரப்பு 24. உள்ளிருப்பது எட்டு மடங்காயிற்று; வெளிப்பரப்போ நான்கு மடங்கே ஆயிற்று. உயிரணு தனக்கு வேண்டிய உணவையும் உயிர்வளியையும் மேற்பரப்பின் வழியாகவே பெறுகிறது. எட்டுப் பேர் உண்ணும் வீட்டிற்கு நால்வருக்குரிய அரிசி வந்தால் என்னாகும்? எனவேதான் உயிரணு ஓரளவு வளர்ந்ததும் இரண்டாகப் பிரிகிறது.

பிரிவு நடைபெறும் முறை

உயிரணுவின் நடுவே உட்கரு உள்ளது. அதனுள் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. உயிரின் அமைப்பு எவ்வாறிருக்க வேண்டும் என்னும் குறிப்புகள் இவற்றில்தாம் அடங்கியுள்ளன. மனிதனின் உயிரணுவில் 46 குரோமோசோம்களும், பால்மரத்தில் 36-உம், செம்பனையில் 32-உம், வெங்காயத்தில் 16-உம் உள்ளன.

பிரிவுக்கு முன்னர் ஒவ்வோர் இழையும் தன்னைப் போன்ற மற்றோர் இழையைப் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு இழைகள் சுருண்டு தடிக்கின்றன. உயிரணுவின் நடுவில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு படியும் எதிரெதிர் முனைக்கு இழுக்கப்படுகிறது. முடிவில் விலங்குகளின் உயிரணு நடுவே குறுகி இரண்டாகிறது. செடிகளின் உயிரணுவிலோ நடுவே ஒரு சுவர் எழும்பி இரண்டாக்குகிறது. இவ்வாறு பிறந்த இரண்டு சேய் உயிரணுக்களும் தாயணுவைப் போன்றே முழு எண்ணிக்கையில் குரோமோசோம்களைப் பெற்றிருக்கும். இதனை 1882-இல் வெளியிட்ட நூலில் படங்களுடன் விளக்கியவர் வால்தர் ஃபிளெமிங் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

பட்டையும் உளியும்

பால்மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளர்படை என்னும் மிக மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று உண்டு. மரத்தின் தண்டு பருப்பது இவ்வடுக்கினால்தான். இதன் உயிரணுக்கள் ஓயாது பிரிந்து, உட்புறமாகக் கட்டையையும் வெளிப்புறமாகப் பட்டையையும் ஈனுகின்றன. பால் தரும் நுண்குழாய்களும் இங்கேயே பிறக்கின்றன. உயிரணுக்கள் பல ஒன்றையடுத்து ஒன்று சேர்ந்து, இடைச்சுவர்கள் கரைந்து, குழாய்களாகின்றன. ஆகவே மங்கில் வடியும் பால் வெறும் கழிவுநீர் அன்று; அது உயிரணுவின் உள்ளிருக்கும் உயிர்ச்சாறே ஆகும். வடிந்த சாற்றை மரம் மீண்டும் உண்டாக்கியாக வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கத்தின் காரணமும் இதுவே.

பால்குழாய்கள் வளர்படையை ஒட்டிய பகுதியில்தான் மிகுதியாக உள்ளன. ஆழமாக வெட்டினால் பால் மிகும்; ஆனால் வளர்படையில் உளி பட்டுவிட்டால் மரம் காயமுறும். அவ்விடத்தில் பட்டை சீராக வளராது முண்டும் முடிச்சுமாகத் தடிக்கும். எனவே வளர்படைக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டுதல் வேண்டும். விடியற்காலை இருளில், தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரு மில்லிமீட்டர் கணக்கைக் கைப்பழக்கத்தால் காத்தவர்கள் நம் தாய்மார்களும் தந்தைமார்களும் ஆவர். உருப்பெருக்கி இல்லாமலேயே வளர்படை இருக்கும் இடத்தை அவர்தம் விரல்கள் அறிந்திருந்தன. நன்கு வெட்டப்பட்ட மரம் சில ஆண்டுகளில் புதுப்பட்டை கட்டி, அதே பக்கத்தில் மீண்டும் பால் தரும்.

பிரேசில் நாட்டுக் காடுகளில் முற்காலத்தில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். மரங்கள் புண்பட்டு வீணாயின. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், பட்டையைக் கொத்தாமல், ஒரே வெட்டின் விளிம்பை மெல்லச் சீவிவரும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். வளர்படை தப்பியது, ரப்பர்த் தொழிலும் நிலைத்தது.

விதைவழியும் ஒட்டுவழியும்

உயிரணுப் பிரிவில் மற்றொரு வகையும் உண்டு. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. இதனைக் குன்றல் பிரிவு என்பர். பால்மரத்தில் தந்தைவழி 18-உம் தாய்வழி 18-உம் கூடி மீண்டும் 36 ஆகின்றன. எந்தப் பாதி எவருக்குக் கிடைக்கும் என்பது ஒவ்வொரு விதைக்கும் மாறும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாமைக்குக் காரணம் இதுவே. விதையிட்டு வளர்த்த பழைய தோட்டங்களில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் தர, பக்கத்து மரம் அடி நனையும் அளவே தந்தமைக்கும் காரணம் இதுவே.

நல்ல மரத்தை மாறாமல் பெருக்க வழி என்ன? ஜாவாத் தீவில் 1916-ஆம் ஆண்டளவில் பால்மரத்திற்கு ஒட்டுக்கட்டும் முறை வகுக்கப்பட்டது. நாற்றின் பட்டையைச் சிறிது உரித்து, சிறந்த மரத்தின் மொட்டுடன் கூடிய பட்டைத் துண்டை அங்கே பொருத்திக் கட்டுவர். இரண்டும் பிணையும், மொட்டு துளிர்க்கும், பிறகு நாற்றின் மேற்பகுதியை அறுத்துவிடுவர். வேர் ஒன்றுடையது, மேல்மரம் மற்றொன்றுடையது.

சிலாங்கூரில் 1921-இல் தொடங்கப்பெற்ற பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மரவகை பி.பி. 86 ஆகும். அதனையும் ஜாவாவின் சிர் 1 என்னும் வகையையும் பெற்றோராகக் கொண்டு, 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் உருவாக்கியதே புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600. அக்கழகத்தின் ஆய்வுத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் பரவிய கோடிக்கணக்கான 600-ஆம் எண் மரங்கள் அனைத்தும், ஒரே விதையில் முளைத்த ஒரு மரத்தின் உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து வந்த தொடர்ச்சியே என்றால் வியப்பன்றோ! பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்துள்ளது. தோட்டம் மறைந்தது, அதன் மரத்தின் வழித்தோன்றல்களோ பல நாடுகளில் வாழ்கின்றன.

செம்பனைக்கு இவ்வழி இல்லை. அதற்குக் கிளையில்லை, வளர்படையும் இல்லை, உச்சிக் குருத்து ஒன்றே வளரும் இடம். காண்டாமிருக வண்டு அக்குருத்தைத் துளைத்து அழித்தால் மரமே மடிகிறது. ஆகவே இலையின் சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கன்றாக்கும் முறையை அறிஞர்கள் கண்டனர். அத்தகைய கன்றுகளுள் சில பருவம் வந்தபின் உருக்குலைந்த பழங்களை ஈன்றன. பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து அதன் காரணத்தை 2015-இல் வெளியிட்டனர். மரபுக் குறிப்பின் எழுத்து மாறவில்லை. எழுத்தின்மேல் இருந்த வேதியியல் அடையாளம் ஒன்றே அழிந்திருந்தது. உயிரணுவைப் படியெடுப்பதில் அத்துணை நுட்பம் அடங்கியுள்ளது.

ஒழுங்கு கெட்ட பிரிவு

உயிரணு பிரிவது நன்மை. உரிய நேரத்தில் நிற்பதும் நன்மையே. முழங்காலில் காயம் ஆறியதும் அங்குள்ள உயிரணுக்கள் விரைந்து பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. நிறுத்தும் கட்டளையைக் கேளாது பெருகும் உயிரணுக்களே புற்றுநோயாகின்றன.

இங்கே பெற்றோர்களும் பெரியோர்களும் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். வாயின் உட்தோலில் உயிரணுக்கள் விரைவாகப் பிரிந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புதுப்பிக்கப்படுகின்றன. பாக்கும் புகையிலையும் நாள்தோறும் அவ்விடத்தில் அடக்கப்பட்டால், பிரியும் உயிரணுக்களின் மரபுக் குறிப்புகள் சிதைகின்றன. இந்நாட்டில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுதி. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. வெற்றிலைத் தட்டு நம் விருந்தோம்பலின் அடையாளம் என்பதை யாமும் அறிவோம். ஆயினும் பாக்கையும் புகையிலையையும் மெல்லும் பழக்கத்தை விடுதலே நலம். வாயில் தோன்றிய புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் ஆறவில்லையெனில், வலி இல்லாவிடினும் காலந்தாழ்த்தாது அரசாங்கக் கிளினிக்கில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. மாணவர்களே, உங்கள் பாட்டிமாரிடம் இதனைப் பணிவோடு படித்துக் காட்டுங்கள்.

செய்து பார்க்க

கொண்டைக்கடலை சிலவற்றை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைக்க விடுங்கள். வேர் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும், நுனி முதல் அடிவரை இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய மைக்கோடுகள் இடுங்கள். இரண்டு நாள் கழித்து நோக்குங்கள். நுனியை அடுத்த கோடுகள் விலகியிருக்கும். அடிப்பகுதிக் கோடுகள் இருந்தபடியே இருக்கும். நுனியில் உயிரணுக்கள் பிரிகின்றன, அதற்குச் சற்றுப் பின்னே அவை நீள்கின்றன, வேர் வளர்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. உயிரணு பெருத்துக்கொண்டே போகாமல் பிரிவது ஏன்?
2. பால்மரத்தின் வளர்படை எங்கே உள்ளது? அதில் உளி பட்டால் நேர்வது யாது?
3. விதைவழி வந்த மரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதும், ஒட்டுவழி வந்தவை ஒத்திருப்பதும் எதனால்?
4. உங்கள் வீட்டில் பால் வெட்டியவர் எவரேனும் இருப்பின், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டும் முறையைக் கேட்டறிந்து பத்து வாக்கியங்களில் எழுதுக.

நான்காம் வினாவிற்குரிய விடை எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. அது நம் பெரியோர்களின் கைகளில் இருக்கிறது. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.