அறுபது பெயர், ஒரே திரை!



மெசஞ்சர் மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது பெயர்ப் பட்டியல்தான். ஆனால் அதைப் பார்ப்பதற்காக நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதில்லை. டிராயிங் போடவோ, புரோகிராம் எழுதவோதான் உட்காருகிறோம். எனவே பட்டியல் ஓரமாக ஒதுங்கி நிற்கணும். கேட்டவுடன் பதிலும் சொல்லணும். எங்கள் ப்ராஜெக்ட்டில் இந்தப் பகுதி என் பங்காக வந்தது. அதில் நான் கற்றதை இங்கே தருகிறேன்.

முன்னோடி

1996-ல் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் ஐசிக்யூ மென்பொருளை வெளியிட்டது. அன்று 640×480, 800×600 திரைகளே பரவலாக இருந்தன. ஆகவே ஒல்லியான, நெட்டையான ஒரு விண்டோ. ஆளுக்கு ஒரே வரி. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ. பச்சைப் பூ என்றால் ஆள் இருக்கிறார், சிவப்பு என்றால் இல்லை. அவ்வளவுதான்! 2024 ஜூன் 26-ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டு விட்டது. ஆனாலும் அந்த ஒல்லிப் பட்டியல் நமக்கு இன்றும் ஒரு பாடம்.

கணக்குப் போடுவோமா?

நம் திரை 1366×768. டாஸ்க்பார், டைட்டில், மெனு போக உயரத்தில் 660 பிக்ஸல் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 60 பேர்.

போட்டோ, பெயர், அதன் கீழே ஒரு ஸ்டேட்டஸ் வரி என்று ஆளுக்கு 44 பிக்ஸல் கொடுத்தால் 60 × 44 = 2640. அதாவது நாலு திரை நீளம்!

பெயரை மட்டும் வைத்து 22 பிக்ஸல் கொடுத்தால் 1320. இன்னும் இரண்டு திரை.

ஆன்லைனில் 18 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அவர்களை மட்டும் காட்ட 396 போதும். நாலு குழுத் தலைப்புகளுக்கு 88. மொத்தம் 484. ஒரே திரைக்குள் அடங்கி விட்டது!

போட்டோவும் ஸ்டேட்டஸும் எங்கே போச்சு? மவுஸைப் பெயர் மேல் நிறுத்தினால் வரட்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எழுத்தை நாம் கொஞ்சம்கூடச் சிறிதாக்கவில்லை. அந்த நேரத்துக்கு வேண்டாததை எடுத்தோம், இடம் கிடைத்தது.

சிக்கனம் எங்கே ஆபத்து?

1. உயரம்: 22-ஐ 14 ஆக்கலாமே என்று தோன்றும். இலக்கு சிறிதானால் அதைத் தொட நேரம் கூடும் என்பது 1954-ல் பால் ஃபிட்ஸ் சொன்ன விதி. பெயர் தமிழில் இருந்தால் மேலே புள்ளியும் கீழே உகரக் காலும் வேறு வெட்டுப்படும்.

2. நிறம்: சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இரண்டும் ஒரே பூதான். நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: இருப்பவருக்கு நிரப்பிய வட்டம், வெளியே போனவருக்கு வெற்று வட்டம்.

3. அகலம்: பெயரின் கடைசியை வெட்டினால் முத்துக்குமார், முத்துலட்சுமி, முத்துப்பாண்டி மூவரும் 'முத்து...' ஆகிவிடுவார்கள். நடுவில் வெட்டினால் 'மு...குமார்', 'மு...பாண்டி' என்று ஆள் தெரியும்.

4. நகரும் வரிசை: இதுதான் பெரிய வில்லங்கம். நீங்கள் க்ளிக் செய்யும் அதே நொடியில் புதிதாக ஒருவர் ஆன்லைனுக்கு வந்தால், பட்டியல் ஒரு வரி கீழே இறங்கும். க்ளிக் வேறொரு பெயரில் விழும். நண்பனுக்கு அடித்த கிண்டல் ஹெச்.ஓ.டி.க்குப் போனால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்க! மவுஸ் பட்டியலுக்குள் இருக்கும்வரை வரிசையை அசையாமல் நிறுத்தி வையுங்கள். வெளியே போனபின் மாற்றிக் கொள்ளலாம்.

இன்னொன்று: ஆஃப்லைனில் இருப்பவரை மறைத்தாலும், அவர் அனுப்பிப் படிக்காமல் கிடக்கும் செய்தியை மறைக்கக் கூடாது. அந்தப் பெயர் மட்டும் மேலே வந்து நிற்கட்டும்.

முடிவாக...

'இப்ப யாரிடம் பேசலாம்?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பட்டியலின் வேலை. அந்தப் பதிலுக்கு உதவாத பிக்ஸலை எடுங்கள். உதவும் பிக்ஸலில் கை வைக்காதீர்கள்.

கோடிங் தொடங்கும் முன் ஒரு கிராஃப் ஷீட்டில் பட்டியலை வரையுங்கள். பக்கத்து பெஞ்சு நண்பரிடம் கொடுத்து ஒரு பெயரைத் தேடச் சொல்லுங்கள். அவர் கண் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்!